கேளுங்க, சொல்றேன்: நியூட்ரான் ஸ்டாரோட காந்தத்தை எக்ஸ்-ரேல படிக்கிறது எப்படி?

போன இதழ்ல நியூட்ரான் ஸ்டார் (பெரிய நட்சத்திரம் வெடிச்சப்புறம் மிஞ்சுற ரொம்ப அடர்த்தியான கரு) பத்தி எழுதினப்போ, "சில நியூட்ரான் ஸ்டார்களோட காந்தப்புலத்தை அதுல இருந்து வர்ற எக்ஸ்-ரேய வச்சே நேரடியா அளந்திருக்காங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு வந்ததுதான். ரொம்ப சந்தோஷம், இந்த சப்ஜெக்ட்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. அதனால இந்த தடவை மொத்த பக்கமும் சைக்ளோட்ரான் கோடுகளுக்குத்தான்.

கேள்வி: அங்க யாரும் போக முடியாது, கருவி எதையும் கொண்டுபோய் வைக்க முடியாது. அப்புறம் எப்படி "நேரடியா அளந்தோம்"னு சொல்றாங்க? சைக்ளோட்ரான் கோடுன்னா என்ன?

பதில்: காந்தப்புலத்துக்குள்ள ஒரு எலக்ட்ரானை விட்டா அது நேரா போகாது, புலக்கோட்டைச் சுத்தி வட்டம் அடிச்சுக்கிட்டே போகும், இது ஸ்கூல் பிசிக்ஸ்லயே வந்திருக்கும். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, செகண்டுக்கு எத்தனை சுத்துங்கிறது எலக்ட்ரான் எவ்ளோ வேகமா போகுதுங்கிறதைப் பொறுத்தது இல்ல (ஒளியோட வேகத்துக்கு ரொம்ப கீழ இருக்கிற வரைக்கும்), புலம் எவ்ளோ பலமா இருக்குங்கிறதை மட்டும்தான் பொறுத்தது. வேகமா போனா வட்டம் பெருசாகும், சுத்துற நேரம் மாறாது. அப்ப அந்த சுத்தல் எண்ணிக்கை தெரிஞ்சா புலத்தோட பலமும் தெரிஞ்ச மாதிரிதான.

இப்ப புலத்தை லட்சம் கோடி காஸ் (காந்தப்புலத்தோட பலத்தை அளக்கிற அலகு) வரைக்கும் ஏத்துங்க. அந்த நிலைமைல எலக்ட்ரானோட வட்டம் ஒரு அணுவோட சைஸை விடவே சின்னதா சுருங்கிடுது, அதுக்கப்புறம் குவாண்டம் விதிதான் பேசும். 1930ல லெவ் லாண்டவ்ங்கிற சோவியத் விஞ்ஞானி போட்ட கணக்குப்படி, புலத்துக்குக் குறுக்கால எலக்ட்ரான் இஷ்டத்துக்கு எந்த எனர்ஜியும் வச்சுக்க முடியாது, படிக்கட்டுல நிக்கிற மாதிரி இந்த படில நிக்கலாம், இல்லன்னா அடுத்த படில நிக்கலாம், நடுவுல நிக்க இடமே கிடையாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல இருக்கிற உயரம் புலம் ஏற ஏற ஏறும். ஒரு லட்சம் கோடி காஸுக்கு அந்த உயரம் 11.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இனிமே கேஇவின்னே எழுதுறேன். அது சரியா எக்ஸ்-ரேவோட எனர்ஜி.

நியூட்ரான் ஸ்டார் பக்கத்துல இருக்கிற துணை நட்சத்திரத்துல இருந்து வாயுவை இழுக்குது. அந்த வாயு வட்டமா சுத்திக்கிட்டே உள்ள வந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துலயே காந்தப்புலத்துகிட்ட மாட்டிக்குது, அதுக்கப்புறம் புலக்கோடு வழியா மட்டும்தான் இறங்க முடியும், ஆக எல்லாம் போய் ரெண்டு காந்த துருவத்துல, சுமார் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குள்ள, ஒளியோட வேகத்துல பாதி வேகத்துல போய் விழுது. அந்த இடம் கோடிக்கணக்கான டிகிரி சூடாகி எக்ஸ்-ரேயா கொட்டும். அப்படி வெளிய வர்ற எக்ஸ்-ரே, அதே புலத்துல நிக்கிற எலக்ட்ரான்களைத் தாண்டித்தான் வரணும். படி உயரத்துக்குச் சமமான எனர்ஜி இருக்கிற ஃபோட்டான் (ஒளித்துகள்) மட்டும் மாட்டிக்கும், மத்ததுல பெரும்பாலானது தப்பிச்சு வந்துடும். நம்ம கருவில ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த எனர்ஜில எவ்ளோ எக்ஸ்-ரே வருதுங்கிறதை, வரைஞ்சு பார்த்தா அந்த எனர்ஜில ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம்தான் சைக்ளோட்ரான் கோடு. கோடுன்னு பேரே தவிர மெல்லிசா இருக்காது, எலக்ட்ரான்கள் சூட்டுல முன்னும் பின்னும் ஓடுறதால டாப்ளர் விளைவுல பள்ளம் பல கேஇவி அகலத்துக்கு விரிஞ்சுதான் இருக்கும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். பள்ளம் எந்த எனர்ஜின்னு சொன்னா புலம் எவ்ளோன்னு நானே கணக்கு போட முடியுமா?

பதில்: தாராளமா. ஒரே ஒரு திருத்தம் மட்டும் மறக்கக் கூடாது. நியூட்ரான் ஸ்டார் சுமார் 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ள சூரியனை விட அதிகமான பொருளை அடக்கி வச்சிருக்கு, அந்த ஈர்ப்புல இருந்து ஏறி வர்ற ஃபோட்டான் எனர்ஜியை இழந்துதான் நம்மகிட்ட வந்து சேரும். அங்க இருந்த எனர்ஜி வேணும்னா நாம பார்த்ததை 1.2ல இருந்து 1.3க்குள்ள ஒரு நம்பரால பெருக்கணும், 1.25னு வச்சுக்கலாம். ஹெர்குலிஸ் எக்ஸ்-1ங்கிற நியூட்ரான் ஸ்டார்ல கோடு சுமார் 37 கேஇவில இருக்கு. 37ஐ 1.25ஆல பெருக்கினா 46, அதை 11.6ஆல வகுத்தா 4. ஆக புலம் 4 லட்சம் கோடி காஸ். முடிஞ்சுது! ரேடியோ பல்சார்ல (சுத்திக்கிட்டே ரேடியோ துடிப்பு அனுப்புற நியூட்ரான் ஸ்டார்) எல்லாம் சுழற்சி எவ்ளோ மெதுவாகுதுங்கிறதைப் பார்த்து, இப்படி இருந்தா அப்படி இருக்கும்னு நிறைய அனுமானம் வச்சுத்தான் புலத்தைக் கண்டுபிடிக்கணும். இங்க ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்ளோதான்.

கேள்வி: லட்சம் கோடி காஸ்னா எவ்ளோன்னு மனசுல நிக்கவே இல்ல.

பதில்: பூமியோட காந்தப்புலம் அரை காஸ் பக்கம். எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷின் 15,000 இல்லன்னா 30,000 காஸ். மனுஷன் தொடர்ந்து நிறுத்தி வைக்கிற புலம் சுமார் 45 டெஸ்லா, அதாவது நாலரை லட்சம் காஸ். 2018ல டோக்கியோல ஒரு குழு சோதனைக்கூடத்துக்குள்ளயே 1,200 டெஸ்லா, அதாவது 1.2 கோடி காஸ் வரைக்கும் கொண்டுபோனாங்க, அதுவும் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு, காந்தச் சுருளும் சிதறிப் போச்சு. அதைவிட எண்பதாயிரம் மடங்குக்கு மேல அங்க சும்மா நிரந்தரமா இருக்கு.

கேள்வி: எலக்ட்ரான் ஃபோட்டானை உள்வாங்கி மேல் படிக்குப் போனா உடனே கீழ விழுந்து அதே ஃபோட்டானைத் திருப்பி விட்டுடும்ல? அப்ப கணக்கு சரியாப் போகுதே, பள்ளம் எங்க இருந்து வருது?

பதில்: இந்த மாசத்துல வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான். நீங்க சொல்றது முழுசா சரி. மேல் படில எலக்ட்ரான் நிக்கிற நேரம் ஒரு செகண்டை நூறு கோடியா பிரிச்சு, அதுல ஒரு துண்டை மறுபடி பத்து லட்சமா பிரிச்சா வர்றதை விடக் கம்மி. அதுக்குள்ள வேற எதோடயும் மோதி எனர்ஜியைக் கொடுக்க நேரமே கிடையாது, ஃபோட்டானா திருப்பித்தான் விட்டாகணும். அதனால இது நிஜமான உறிஞ்சல் இல்ல, சிதறல். புஸ்தகத்துல எல்லாம் அப்சார்ப்ஷன்னே போட்டாலும் ஆராய்ச்சி பண்றவங்க கட்டுரைகள்ல ரெசனன்ட் ஸ்கேட்டரிங் ஃபீச்சர்னுதான் எழுதுறாங்க. திருப்பி விட்ட ஃபோட்டான் வேற திசைல போகும், எலக்ட்ரானோட ஓட்டத்தால எனர்ஜியும் கொஞ்சம் மாறியிருக்கும். இப்படி மாட்டி மாட்டி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் எனர்ஜி மாறி, கடைசில பள்ளத்தோட ரெண்டு கரைக்கும் தள்ளப்பட்டாத்தான் அதால வெளிய வர முடியும். நடு எனர்ஜிலயே இருந்தா திரும்பத் திரும்ப மாட்டிக்கிட்டே இருக்கும், தப்பவே முடியாது. மொத்த ஃபோட்டான் குறையல, இடம் மாறி உக்காந்துடுச்சு.

இதுல இருந்து ஒரு அழகான விளைவு வருது. எலக்ட்ரான் சில சமயம் ரெண்டு படி ஒரே தாவா தாவும், அதுக்கு ரெண்டு மடங்கு எனர்ஜி ஃபோட்டான் வேணும். ஆனா இறங்குறப்போ பெரும்பாலும் ஒவ்வொரு படியாத்தான் இறங்கும். அப்ப ஒரு பெரிய ஃபோட்டான் போய், ஒரு படி உயரத்துல ரெண்டு சின்ன ஃபோட்டான் பொறக்குது. அந்த ரெண்டும் முதல் பள்ளத்துக்குள்ள போய் விழுந்து அதை ரொப்பிடும். அதனால சில ஸ்டார்கள்ல முதல் கோட்டை விட ரெண்டாவது கோடு ஆழமா இருக்கும், பார்க்கிறவங்களுக்கு முதல்ல விசித்திரமா தோணும், விஷயம் தெரிஞ்சா இயல்புதான். இந்த மாதிரி அடுக்கு அடுக்கா கோடு பார்க்கணும்னா 4யு 0115+63ங்கிற ஸ்டார்தான் நம்பர் ஒன். முதல் கோடு 12 கேஇவி பக்கம், அப்புறம் 24, 36 பக்கம்னு அடுத்தடுத்து போகுது, அஞ்சு கோடு வரைக்கும் பார்த்ததா ரிப்போர்ட் இருக்கு.

கேள்வி: முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

பதில்: இப்படி ஒண்ணு தெரியும்னு 1974லயே க்னெடின், சுன்யாயெவ்ங்கிற ரெண்டு சோவியத் விஞ்ஞானிகள் கணக்கு போட்டு எழுதிட்டாங்க. பார்த்தது யோவாகிம் ட்ரூம்பர் தலைமைல ஒரு ஜெர்மன் குழு. 1976 மே மாசம் அமெரிக்காவுல டெக்சஸ்ல இருக்கிற பாலஸ்டைன்ங்கிற ஊர்ல இருந்து பெரிய பலூன்ல டிடெக்டரை ஏத்தி விட்டாங்க, ஏன்னா எக்ஸ்-ரே தரை வரைக்கும் வராது, காத்து மண்டலம் தடுத்துடும், அதுக்கு மேல போயே ஆகணும். குறி வச்சது ஹெர்குலிஸ் எக்ஸ்-1, 1.24 செகண்டுக்கு ஒரு தடவை சுத்துற நியூட்ரான் ஸ்டார். ஸ்பெக்ட்ரத்துல 58 கேஇவி பக்கம் ஒரு மேடு தெரிஞ்சுது. மேடுன்னு எடுத்துக்கிட்டா அது ஒளிர்ற கோடு, இல்ல அதுக்கு முன்னாடி 40 சொச்சத்துல இருக்கிறதுதான் பள்ளம்னு எடுத்துக்கிட்டா அது சிதறல் கோடு. ரெண்டு சாத்தியமும் இருந்துச்சு, முதல்ல மேடுங்கிற பக்கம்தான் சாஞ்சாங்க. கட்டுரை 1978ல வந்துச்சு. பின்னாடி வந்த அளவீடுகள் பள்ளம்தான்னு தீர்த்து வச்சுது. ஆனா புலம் சில லட்சம் கோடி காஸ்ங்கிற பதில் அப்பவே கிடைச்சிருச்சு, அதுவரைக்கும் ஒரு நியூட்ரான் ஸ்டாரோட புலத்தை யாரும் இப்படி நேரடியா பார்த்தது இல்ல. அதே ட்ரூம்பர்தான் பின்னாடி ரோசாட்ங்கிற எக்ஸ்-ரே சேட்டலைட்டுக்கும் தலைமை தாங்கினார்.

கேள்வி: எல்லா நியூட்ரான் ஸ்டார்லயும் இந்த கோடு இருக்குமா?

பதில்: இல்ல. 2019ல வந்த ஒரு பெரிய தொகுப்புல எண்ணினப்போ 35 பக்கம்தான். துணை நட்சத்திரம் சின்னதா, ரொம்ப வயசான ஜோடிகள்ல நியூட்ரான் ஸ்டாரோட புலம் பெரும்பாலும் பத்து கோடி, நூறு கோடி காஸுக்கு இறங்கியிருக்கும், அதுக்குப் படி உயரம் வெறும் 1, 10 எலக்ட்ரான் வோல்ட் அளவுதான், எக்ஸ்-ரே பக்கமே வராது. பெரிய, இளம் துணை நட்சத்திரம் இருக்கிற ஜோடிகள்லதான் வேட்டை நல்லா நடக்கும். அதுலயும் பார்க்கிற கோணத்தைப் பொறுத்து, சுழற்சில எந்த கட்டத்துல பார்க்கிறோம்ங்கிறதைப் பொறுத்து கோடு ஆழமாவும் தெரியும், மங்கியும் போகும்.

கேள்வி: ஒரே ஸ்டார்ல கோடு இடம் மாறுதுன்னு படிச்சேன். அப்படின்னா காந்தப்புலம் நாளுக்கு நாள் மாறுதா?

பதில்: இந்த இடத்துலதான் நிறைய பேருக்குக் குழப்பம் வருது, கொஞ்சம் பொறுமையா சொல்றேன். கோடு காட்டுறது "ஸ்டாரோட காந்தப்புலம்" இல்ல. எந்த இடத்துல அந்த சிதறல் நடக்குதோ அந்த இடத்தோட புலம். என்னைக் கேட்டா இந்த துறைல முதல்ல மனசுல பதிய வேண்டிய வாக்கியம் இதுதான், இதை விட்டுட்டு படிச்சா பாதி ரிசல்ட் முரண்பாடாவே தெரியும்.

உதாரணத்துக்கு வி 0332+53ங்கிற நியூட்ரான் ஸ்டார். 2004ல இருந்து 2005 வரைக்கும் அது பெருசா வெடிச்சு மின்னுச்சு. உச்சத்துல இருந்தப்போ கோடு 25 கேஇவி பக்கம் இருந்துச்சு, வெளிச்சம் குறையக் குறைய கோடு ஏறி 30 பக்கம் போய் நின்னுது. சில வாரத்துல ஸ்டாரோட புலம் இருபது சதவீதம் கூடிடுச்சுன்னு நினைக்க முடியாது. நடந்தது என்னன்னா, பொருள் ரொம்ப அதிகமா விழறப்போ அடில இருந்து கிளம்புற எக்ஸ்-ரேவோட அழுத்தமே மேல இருந்து விழறதைத் தரைக்கு மேலயே தடுத்து நிறுத்திடும். அப்ப துருவத்துக்கு மேல சூடான பொருள் ஒரு தூணா எழும்பி நிக்கும், இது நடக்கிற எல்லையைப் பத்தி பாஸ்கோவும் சுன்யாயெவும் 1976லயே எழுதினாங்க. விழறது கூடக் கூட தூண் உயரும், உயரத்துல புலம் கம்மி, கோடும் கீழ இறங்கும். கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: இரு துருவ புலம் (சட்டக் காந்தம் மாதிரி வடக்கு, தெற்குன்னு ரெண்டு துருவம் இருக்கிற புலம்) தூரத்தோட மூணாவது அடுக்குல குறையும், 30ல இருந்து 25க்கு வரணும்னா தூரம் ஆறு சதவீதம் சொச்சம் கூடினா போதும், 12 கிலோமீட்டர் ஆரத்துக்கு அது முக்கால் கிலோமீட்டர். எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஒரு ஸ்டார்ல முக்கால் கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்தை ஸ்பெக்ட்ரத்துல இருக்கிற ஒரு பள்ளம் சொல்லுது, இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்கல. இது எளிமையான கணக்கு, தூணோட வெளிச்சம் ஸ்டாரோட தரைல பட்டுத் திரும்பி வர்ற இடத்துலதான் கோடு உருவாகுதுன்னு சொல்ற இன்னொரு மாடலும் இருக்கு, அதுல எண்கள் வேற மாதிரி வரும். அதுலயும் கோட்டோட நகர்வு இடத்தோட நகர்வுதான்.

ஹெர்குலிஸ் எக்ஸ்-1 நேர் எதிரா நடக்குது. வெளிச்சம் கூடினா கோடும் மேல ஏறும், 2007ல ஸ்டாபர்ட் குழு இதைக் காட்டினாங்க. அங்க பொருள் வர்ற அளவு கம்மி, தூணை எழுப்புற எல்லையைத் தாண்டலன்னு வச்சுக்கிட்டா, அதிகமா விழற பொருள் சிதறல் நடக்கிற அடுக்கைத் தரையை நோக்கி அமுக்கும், தரைகிட்ட புலம் அதிகம், கோடு ஏறும்னு விளக்கம் சொல்றாங்க.

கேள்வி: அதே ஹெர்குலிஸ் எக்ஸ்-1ல கோடு வருஷக்கணக்கா இறங்கிட்டே வந்துச்சாமே?

பதில்: ஆமா. 1990க்கு முன்னாடி எடுத்த அளவுகள்ல பெரும்பாலானது 35 கேஇவி பக்கம். 1993 வாக்குல பார்த்தா திடீர்னு 40ஐத் தாண்டி நிக்குது. அப்புறம் 1996ல இருந்து 2012 வரைக்கும் மெதுவா, வருஷத்துக்குக் கால் கேஇவி கணக்குல இறங்கி, சுமார் 4 கேஇவி குறைஞ்சுது, அதுக்கப்புறம் 37 பக்கம் வந்து நின்னுடுச்சு. வெளிச்சத்தால வர்ற மாற்றத்தைக் கழிச்ச பிறகும் இந்த இறக்கம் மிச்சம் இருக்கு. ஸ்டாரோட மொத்த புலம் இவ்ளோ சீக்கிரம் கரையாது, துருவத்துல விழற பொருள் குவிஞ்சு மேடாகுது, ஒரு கட்டத்துல பக்கவாட்டுல சரிஞ்சு போயிடுது, அதனால அந்த இடத்தோட புலக்கோடுகள் வடிவம் மாறுதுங்கிறது முன்வைக்கிற யோசனை. எனக்கும் அந்தப் பக்கம்தான் மனசு சாயுது. ஆனா இதை உறுதி பண்ண இன்னொரு திடீர் ஏற்றத்தை ஆரம்பத்துல இருந்து பிடிக்கணும், அதுக்கு அந்த ஸ்டாரை விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும், "ஏற்கனவே அளந்தாச்சே"ன்னு டெலஸ்கோப் நேரத்தைக் குறைச்சா அது பெரிய நஷ்டம்.

கேள்வி: பள்ளம்னு இவங்க சொல்றதெல்லாம் நிஜமாவே பள்ளமா? ஸ்பெக்ட்ரம் வளைவா இருக்குல்ல, எந்த வளைவை வச்சுப் பொருத்துறோமோ அதுக்குத் தகுந்த மாதிரி பள்ளம் வருமே?

பதில்: நியாயமான சந்தேகம். அடிப்படை வளைவுக்கு ஒரு ஃபார்முலா எடுத்துக்கிட்டு, அதோட பொருந்தாத இடத்துல கோட்டைச் சேர்க்கிறதுதான் வழக்கம். ஃபார்முலாவை மாத்தினா கோட்டோட இடம் ஒண்ணு ரெண்டு கேஇவி நகரும், ஆழமில்லாத கோடா இருந்தா காணாமலே போகும். 10 கேஇவி பக்கத்துல நிறைய ஸ்டார்கள்ல ஒரு மேடு தெரியுது, அதைச் சரியா கையாளலன்னா பக்கத்துல பொய்யான பள்ளம் முளைச்சிடும். அதனால ஒரே கருவி, ஒரே ஃபார்முலா, ஒரே தடவை பார்த்ததுன்னு வர்ற கோட்டை நான் இன்னும் கேள்விக்குறியோடதான் வச்சிருப்பேன். ரெண்டாவது கோடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குல இருந்தா நம்பிக்கை கூடும், வேலா எக்ஸ்-1ல 25, 50 மாதிரி.

இன்னொரு நல்ல சாட்சி 1இ 1207.4-5209. அது பொருள் இழுக்காத தனி ஸ்டார், ஆனா 0.7, 1.4 கேஇவில கோடு இருக்கு. எலக்ட்ரான் கோடுன்னு எடுத்தா புலம் 8,000 கோடி காஸ் வரணும். சுழற்சி மெதுவாகுறதைப் பல வருஷம் அளந்து தனியா கண்டுபிடிச்சப்போ பத்தாயிரம் கோடிக்குக் கொஞ்சம் கீழ வந்துச்சு. ரெண்டு வேற வேற வழி, கிட்டத்தட்ட ஒரே பதில். இதைப் பார்த்தப்புறம் முறையே தப்பா இருக்குமோங்கிற பயம் எனக்குப் போயிடுச்சு.

கேள்வி: இதுவரைக்கும் பார்த்ததுல பெரிய கோடு எது?

பதில்: ஸ்விஃப்ட் ஜே0243.6+6124. சீனாவோட இன்சைட் சேட்டலைட் அது 2017ல வெடிச்சப்போ எடுத்த டேட்டாவுல இருந்து 146 கேஇவி வரைக்கும் கோடு இருக்குன்னு 2022ல கட்டுரை வந்துச்சு. நம்ம பிளஸ் டூ நண்பர் போட்ட அதே கணக்குல 16 லட்சம் கோடி காஸ். அதே ஸ்டாருக்கு வேற வழிகள்ல தூரத்துல இருக்கிற இரு துருவ புலத்தைக் கணிச்சா இதைவிட நல்லாவே கம்மியா வருது. முரண்பாடு இல்ல, மறுபடியும் அதே விஷயம்தான்: கோடு துருவத்துப் பக்கத்துல ஒரு சின்ன இடத்தைச் சொல்லுது, அங்க புலம் எளிமையான இரு துருவ வடிவத்துல இல்லாம சிக்கலா, பலமா இருக்குன்னு அந்தக் குழு சொல்றாங்க.

கேள்வி: எலக்ட்ரான் மட்டும்தானா, புரோட்டான் சுத்தாதா?

பதில்: சுத்தும். புரோட்டான் 1,836 மடங்கு கனம், அதனால படி உயரமும் அவ்ளோ கம்மி. புலம் நூறு லட்சம் கோடி காஸா இருந்தாலும் 0.6 கேஇவிதான் வரும். அதனால மேக்னட்டார்லதான், அதாவது புலம் ரொம்ப ரொம்ப பலமா இருக்கிற நியூட்ரான் ஸ்டார்லதான், தேடணும். 2013ல எஸ்ஜிஆர் 0418+5729ல சுழற்சியோட சேர்ந்து இடம் மாறுற ஒரு கோட்டைப் பார்த்து அது புரோட்டான் கோடா இருக்கலாம்னு சொன்னாங்க, சரின்னா அங்க சின்ன இடத்துல புலம் 200 லட்சம் கோடி காஸுக்கு மேல.

கேள்வி: இப்ப எந்த கருவிகள் இதைப் பார்க்குது? இந்திய சேட்டலைட் ஏதாவது உண்டா?

பதில்: 2012ல போன நாசாவோட நுஸ்டார் எக்ஸ்-ரே டெலஸ்கோப்தான் இந்த வேலைக்கு முதுகெலும்பு, 79 கேஇவி வரைக்கும் கண்ணாடியால குவிச்சுப் பார்க்கிறதால கோடு சுத்தமா தெரியும். அதுக்கு மேல போகணும்னா இன்சைட். 2015 செப்டம்பர்ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன ஆஸ்ட்ரோசாட்ல டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) செஞ்ச லாக்ஸ்பிசிங்கிற எக்ஸ்-ரே கருவி இருக்கு, 3ல இருந்து 80 கேஇவி, ஹெர்குலிஸ் எக்ஸ்-1, 4யு 0115+63, 4யு 1538-522 கோடுகளை எல்லாம் அதுல பார்த்திருக்காங்க.

எனக்கு ரொம்ப ஆர்வமா இருக்கிறது போலரைசேஷன், அதாவது எக்ஸ்-ரே அலைகள் எவ்ளோ தூரம் ஒரே திசைல அதிருதுங்கிறது. பலமான புலத்துல எக்ஸ்-ரே எந்தத் திசைல அதிருதுங்கிறதைப் பொறுத்து அதோட பாதையே மாறும், அதனால போலரைசேஷன் 60, 80 சதவீதம் வரைக்கும் இருக்கும்னு மாடல்கள் சொல்லிச்சு. நாசாவோட ஐஎக்ஸ்பிஇ சேட்டலைட் ஹெர்குலிஸ் எக்ஸ்-1ஐ அளந்தா 10 சதவீதம் கூட வரல. அது 8 கேஇவியோட நின்னுடும், கோடு இருக்கிற எனர்ஜியை எட்டாது. 2024 ஜனவரி 1ல இஸ்ரோ அனுப்பின எக்ஸ்போசாட்ல ராமன் ஆராய்ச்சி நிறுவனம் செஞ்ச போலிக்ஸ் கருவி 8ல இருந்து 30 கேஇவி வரைக்கும் பார்க்கிற மாதிரி செஞ்சது, அதுக்குள்ள 4யு 0115+63ஓட 12, 24, வேலா எக்ஸ்-1ஓட 25 எல்லாம் விழுது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போலரைசேஷன் எப்படி திரும்புதுன்னு பார்த்துட்டா, கோடு உருவாகுற இடம் தூணா, தரையா, எதிரொளிச்சு வந்ததாங்கிற சண்டைல ஏதாவது ஒரு கட்சி விலக வேண்டி வரும்.